கடவுளுக்கு ஒரு பிடி அரிசி

சல்குங்காவுக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். பன்றிக் கொட்டிலைக் கழுவும்போது வராது, தேநீரில் ஈ மிதந்தாலும் வராது. யாராவது குரலைக் குழைத்துக்கொண்டு அன்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போதும், மனிதருக்கு வயிற்றைப் புரட்டிவிடும். வேதக்கோயிலில் மூப்பர்கள் ஜெபத்தை நீட்டிக்கொண்டே போகும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். பக்தி ஒரு காரணம். சுளித்த முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம்.

துய்ரெங் ஊருக்கு அவர்தான் அறிவிப்பாளர். மலைமுதுகில் ஊர்க் கவுன்சில் கொட்டகையின் கம்பத்தில் நாலு ஒலிபெருக்கிகள் நாலு திசையையும் பார்த்தபடி கட்டியிருக்கும். கீழே ஒரு மேஜை, ஒரு மைக். தண்ணீர் திறக்கும் நேரம், காணாமல் போன மாடு, ரேஷன் வந்த சேதி, சாலையில் சரிந்த மண்ணை அள்ள வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்பது, எல்லாம் அவர் தொண்டை வழியாகத்தான் ஊருக்குள் போகும். எதிர்மலையில் இருக்கிறவர்களுக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். மாடு காணாமல் போனதைக்கூட மனிதர் வேதபாடம் மாதிரிப் படிக்கிறார் என்று இளவட்டங்கள் கேலி பேசும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எல்லாவற்றிலும் பெரியது சாவுச் செய்தி. அதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நின்றுதான் சொல்வார். "நம் ஊரில் ஒரு சாவு" என்று அவர் ஆரம்பித்த மாத்திரத்தில் கடைக்காரன் கதவை இழுத்துச் சாத்துவான். காட்டு வயலுக்குப் போனவர்கள் பாதி வழியில் திரும்புவார்கள். இளைஞர்கள் மண்வெட்டியை எடுப்பார்கள், ஒருவன் சவப்பெட்டிக்குப் பலகை அறுப்பான், பெண்கள் சர்க்கரையும் தேயிலையும் மடியில் கட்டிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போவார்கள். இதற்குக் கூலி கிடையாது, அழைப்பும் கிடையாது. ஆள் அனுப்பாத வீடு என்று பேர் வாங்கினால் அந்த வீட்டுப் பேரன் கல்யாணம் வரைக்கும் அது ஒட்டிக்கொண்டே வரும். வேறு எதில் ஊரைத் திட்டினாலும் இந்த ஒன்றில் மட்டும் துய்ரெங்கைத் தைரியமாகக் கடவுளிடம் காட்டலாம் என்று சல்குங்கா நம்பியிருந்தார்.

கடவுள், நாடு என்ற சொற்களும் அவருக்கு விளையாட்டுச் சொற்கள் அல்ல. தனிநாடு கேட்டதற்காகப் பட்டாளம் ஊர்களைக் கொளுத்தி ஜனங்களைச் சாலையோரத்தில் கொண்டுவந்து அடைத்த காலத்தில் அவர் தாயின் முதுகில் கட்டியிருந்த குழந்தை. அப்பா அந்தச் சொற்களுக்காகத் துப்பாக்கி தூக்கிக் காட்டுக்குப் போனவர். எல்லையில் ஓடும் தியாவ் ஆற்றுக்கு அப்பால் பர்மா நாட்டு கிராமம் ஒன்றில் காய்ச்சல் கண்டு செத்தார். பேர்கூடத் தெரியாத ஜனங்கள் குழி வெட்டி, பாட்டுப் பாடி அடக்கம் செய்தார்கள் என்று கூடப் போனவர் திரும்பி வந்து சொன்னார். அந்தக் குழி எங்கே இருக்கிறது என்று சல்குங்காவுக்கு இன்றுவரை தெரியாது.

ஊர் நுழைவாயிலில் ஒரு வளைவு உண்டு. "கடவுளுக்காக, நாட்டுக்காக" என்று சிவப்பிலும் பச்சையிலும் எழுதி, அதைவிடப் பெரிய எழுத்தில் கட்டிக் கொடுத்தவர் பெயரைப் போட்டிருக்கும். பெயர் பியாக்லியானா. ஊர்க் கவுன்சில் தலைவரும் அவர்தான், கோயிலில் மூப்பரும் அவர்தான். அவருடைய லாரிகள் இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து கள்ளப் பாக்கு மூட்டை ஏற்றி வரும். நாட்டுப்பற்று மேடையில் நிற்கும், லாரி ஆற்றில் இறங்கும். அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் சல்குங்கா தரையைப் பார்த்துத் துப்புவார். வெற்றிலை போடுகிறவர் என்பதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் ஆற்றுக்கு அப்பால் மறுபடியும் பட்டாளத்தின் ஆட்சி வந்தது. குண்டு விழுந்த ஊர்களிலிருந்து ஜனங்கள் மழையோடு மழையாக ஏறி வந்தார்கள். அதே பாட்டு, அதே வேதம், பேச்சு மட்டும் கொஞ்சம் வேறு. முதல் வாரம் துய்ரெங் தன்னை மறந்து ஓடியது. கம்பளி வேண்டும் என்று சல்குங்கா மைக்கில் ஒரு தடவை சொன்னார். அன்று சாயங்காலமே, போதும் நிறுத்துங்கள் என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வாரம் அவருக்கு யாரைப் பார்த்தும் குமட்டவில்லை.

அந்த அன்பு, மிஞ்சிய சோறு மாதிரி சீக்கிரமே புளித்துப் போனது. பள்ளிக்கூடத்துக்குக் கீழே சரிவில் தார்ப்பாய்க் குடிசைகள் முகாமாக நிலைத்துவிட்டதும் ஊருக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. எங்கோ போதை மாத்திரை பிடிபட்டால் இவர்கள்தான் என்றார்கள், மிளகாய் விலை ஏறினால் அதற்கும் இவர்கள்தான். கவுன்சில் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டது. முகாம்காரர்கள் கடை வைக்கக் கூடாது, நிலம் வாங்கக் கூடாது, இருட்டிய பின் ஊருக்குள் நடமாடக் கூடாது. எல்லாவற்றையும் சல்குங்காதான் வாசித்தார். வாசித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் வாயைக் கொப்பளித்தார். கடைசியாக ஒரு தீர்மானம் வந்தது. ஊர் மயானம் ஊராருக்கு மட்டும், முகாம்காரர்கள் ஓடைக்கரையில் புதைத்துக்கொள்ளட்டும். அதையும் வாசித்தார். அன்று வீட்டுக்குப் போய் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"சம்பளம் வாங்கற வாய்தானே, வாசிக்கத்தான் வேணும்" என்று மனைவி தான்ஸாமி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஆறுதலாகச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. முப்பது வருஷமாக அவருக்கு அப்படித்தான்.

தான்ஸாமிக்கும் ஒரு ஊழியம் உண்டு. கீழ்த்தெருவின் பிடியரிசியைச் சேர்ப்பவள் அவள். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைக் கடவுளுக்கென்று எடுத்து அடுப்புப் பக்கத்து டப்பாவில் போடாத வீடு அங்கே கிடையாது. சனிக்கிழமைதோறும் அவள் சாக்கோடு போய் வாங்கி வந்து கோயிலில் சேர்ப்பாள். அந்த அரிசியை விற்றுத்தான் கோயில் கூரை மாறியது, மணி வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு மணி அரிசி சிந்தினதாக அவள் மேல் பேச்சு கிடையாது.

முகாம் வந்த இரண்டாம் மாசம் ஒரு கிழவி அவளை வழிமறித்துக் கூப்பிட்டாள். பேர் தியல் பார். எங்கள் ஊரிலும் இந்த வழக்கம்தான், எங்களையும் சேர்த்துக்கொள் என்று கேட்டாள். யாரோ தானமாகக் கொடுத்த அரிசி, அதிலும் ஒரு பிடி கடவுளுக்கு. கோயிலில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வருஷம் பிடியரிசி கூடியிருக்கிறது என்று ஞாயிறு ஆராதனையில் பியாக்லியானாவே சொன்னார், ஜனம் ஆமென் என்றது. தியல் பாருக்குக் கை சின்னது, ஆனால் பிடி பெரியது. கொஞ்சமாகப் போடு, உனக்கே இருமல் விடவில்லை என்று தான்ஸாமி சொன்னால், கடவுளுக்கு எடுத்து வைத்ததைத் திரும்ப எடுக்கச் சொல்கிறாயா என்று சிரிப்பாள்.

ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தியல் பாரின் மகள் சுய் மென் சல்குங்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அம்மா போயிட்டாங்க மாமா" என்றாள். "மைக்ல சொல்லணும்."

மயானத் தீர்மானத்தை வாசித்தவர் சல்குங்காதான் என்பது அவளுக்கும் தெரியும். குழி வெட்ட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். முகாமில் இருப்பவர்கள் பெண்கள், கிழவர்கள், பிள்ளைகள். அவளுடைய அண்ணன்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோடு இருந்தார்கள்.

"வெட்டறதக்கூட நாங்க எப்படியாவது வெட்டிக்குவோம் மாமா. ஓடைக்கரை மட்டும் வேணாம். போன மழையில அங்க பொதைச்ச கைக்குழந்தையத் தண்ணி கொண்டு போயிருச்சு. அம்மா அதப் பாத்தாங்க. என்னை அங்க போட்றாதடின்னு சொல்லிட்டேதான் இருந்தாங்க."

அவளைத் தான்ஸாமியிடம் விட்டுவிட்டு சல்குங்கா கீழ்த்தெருவிலேயே இருந்த பியாக்லியானாவின் வீட்டுக்குப் போனார். உத்தரவு இல்லாமல் மைக்கைத் தொட்ட பழக்கம் அவருக்கு இல்லை. தலைவர் காலைச் சாப்பாட்டில் இருந்தார். புகைபோட்ட பன்றிக்கறியும் கடுகுக்கீரையும். எதிரே உட்காரவைத்துத் தேநீர் கொடுக்கச் சொன்னார். சேதியைக் கேட்டதும் சாப்பாட்டை நிறுத்தி, கண்ணை மூடி, அங்கேயே ஒரு சின்ன ஜெபம் செய்தார். ஜெபம் முடிந்ததும் எலும்பைக் கையில் எடுத்தார்.

"எனக்கு மட்டும் மனசு இல்லையா அண்ணே? ராத்திரி தூக்கம் வர்றதில்ல இவங்கள நெனச்சா. ஆனா எல்லாத்துக்கும் ஒரு வரிசை இருக்கு. முதல்ல கடவுள், அப்புறம் நாடு, அதுக்கப்புறம்தான் அக்கம்பக்கம். இன்னிக்கு ஒரு குழிக்கு எடம் விட்டா நாளைக்கு வீட்டுக்கு எடம் கேப்பாங்க. நம்ம அப்பன்மாரு ரத்தம் சிந்தின மண்ணு இது. உங்களுக்குச் சொல்லணுமா? மைக்ல போட வேணாம். நான் சர்க்கரை கொடுத்தனுப்பறேன், ஜெபத்துலயும் வெச்சுக்கறேன்."

விரல் நுனியில் எண்ணெய் மினுங்கியது. சல்குங்கா தேநீரைத் தொடவில்லை. அப்பனை இழுத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த வரிசை இருக்கிறதே, அதுதான் அவரைக் கொன்றது. கடவுளைத் தலைமாட்டில் வைத்து, நாட்டை நடுவில் போட்டு, மனுஷியை ஓடைக்குத் தள்ளிவிட எவ்வளவு வசதியான வரிசை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டில் சுய் மென் அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். தான்ஸாமி அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"மாவி அப்பா" என்றாள். மாவி அவர்களுடைய மூத்த மகள், அய்ஸால் பட்டணத்தில் இருக்கிறாள். "போன சனிக்கிழமை அந்தக் கையால அரிசி வாங்கினேன். சாக்குல போட்டேன். எந்த நாட்டு அரிசின்னு ஒருத்தரும் கேக்கல."

சல்குங்கா குடையைக்கூட எடுக்காமல் மலைமுதுகுக்கு ஏறினார்.

கொட்டகையில் யாரும் இல்லை. தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார், நிமிர்ந்து நின்றார், மைக்கைத் திறந்தார். இத்தனை வருஷமாகச் சொன்னதையே ஒரு எழுத்தும் மாற்றாமல் சொன்னார்.

"நம் ஊரில் ஒரு சாவு. கீழ்த்தெருவுக்கு அடுத்த சரிவில் இருக்கும் நம் ஊர்த் தியல் பார் அம்மா இன்று காலை கடவுளிடம் போய்ச் சேர்ந்தார். இளைஞர்கள் மண்வெட்டியோடு மயானத்துக்கு வரவும். மற்றவர்கள் சாவு வீட்டுக்கு வரவும்."

எதிர்மலை அதை வாங்கி ஒரு தடவை திருப்பிச் சொன்னது. மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஊரின் கதவுகள் எல்லாம் தெரியும். ஒன்றும் திறக்கவில்லை. வராமலே இருந்துவிடுவார்கள் என்றுதான் அவர் நினைத்தார். இத்தனை வருஷம் கடவுளிடம் காட்டலாம் என்று பத்திரமாக வைத்திருந்த ஒன்றும் பொய்யாகப் போகிறது என்று தோன்றியது.

பியாக்லியானா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மூச்சு வாங்கியது. பேச்சில் வழக்கமான குழைவைக் காணோம். என்ன காரியம் பண்ணினீர், தீர்மானத்தை மீறினால் என்ன ஆகும் தெரியுமா, உடனே மறுத்துச் சொல்லும் என்று மேஜையைத் தட்டினார். சல்குங்கா மைக்கை அணைக்கவில்லை. அதை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க தலைவரே. சாவு வீட்டுக்கு யாரும் போகாதீங்கன்னு சொல்லுங்க. எனக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்ல."

அந்தப் பேச்சும் நாலு திசைக்கும் போயிற்று. பியாக்லியானா மைக்கை வாங்கிக்கொண்டார். அவருடைய மூச்சு ஊர் முழுக்கப் பெரிதாகக் கேட்டது. ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. அந்த மலைகளில் எந்தத் தகப்பனும் எந்தத் தலைவனும் ஒரு சாவுக்குப் போகாதே என்று ஊரறியச் சொன்னதில்லை. அப்படிச் சொன்னவனை அவன் வீட்டு நாயே மதிக்காது. அவர் ஒரு தடவை தொண்டையைச் செருமினார், இரண்டாவது தடவையும் செருமினார்.

"கடப்பாரையும் கொண்டு வாங்க" என்றார். "மேல் பக்கம் பாறை இருக்கு. ஆராதனை மதியம் மூணு மணிக்கு. நானே நடத்தறேன்."

பிறகு கதவுகள் திறந்தன. முதலில் மண்வெட்டியோடு வெளியே வந்தவன், மயானத் தீர்மானத்துக்கு எல்லோருக்கும் முன்னால் கை தூக்கியவன். அவனைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரன் வந்தான், அவனைப் பார்த்து எதிர்வீட்டுக்காரன். சல்குங்காவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, அதன் பின்னாலேயே அருவருப்பும் வந்தது. செத்தவளுக்காக ஒருத்தனும் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கண்ணுக்குப் பயந்து வருகிறார்கள்.

ஆனால் வந்தவர்கள் வேலையில் குறை வைக்கவில்லை. பாறையை உடைத்து ஆழமாக வெட்டினார்கள், பெட்டிக்கு நல்ல பலகையாகப் பார்த்து அறுத்தார்கள், வழுக்கும் சரிவில் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாட்டு நன்றாகவே இருந்தது. குழியருகே பியாக்லியானா வெகுநேரம் ஜெபித்தார். கடவுளிடத்தில் அன்பு, நாட்டிடத்தில் அன்பு, அயலாரிடத்தில் அன்பு, மூன்றையும் ஒன்றாக முறுக்கிய கயிறு எங்கள் துய்ரெங் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். இந்த ஊரின் மனசு இவ்வளவு பெரியது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சுய் மென் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். சல்குங்கா கூட்டத்தைவிட்டு விலகி, மூங்கில் புதருக்குப் பின்னால் போய், குடிக்காத தேநீரையும் சேர்த்து வாந்தி எடுத்தார்.

கூட்டம் கலையும்போது பியாக்லியானா அவர் தோளில் கை போட்டார். உங்களுக்கும் வயசாகிறது, ஓய்வெடுங்கள் அண்ணே என்றார். இது ஒரு தடவை மட்டும்தான் என்று எல்லோருக்கும் பொதுவாக இன்னொரு வார்த்தையும் சொன்னார். மறுநாளிலிருந்து மைக்கில் தலைவருடைய மச்சினனின் குரல் கேட்டது. தண்ணீர் திறக்கும் நேரத்தை விழுங்கி விழுங்கிச் சொன்னான்.

சாவு வீட்டில் சில நாளைக்கு அடுப்பு மூட்ட விடக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுபோக வேண்டும், சாயங்காலம் கூட உட்கார்ந்து பாட வேண்டும் என்பது அங்கே வழக்கம். புதன்கிழமை தான்ஸாமி கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனாள். வியாழனும் அவள்தான் போனாள். வெள்ளிக்கிழமை காய்ச்சலில் அவளே படுத்துவிட்டாள். வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கி குழிக்குத்தான் கூப்பிட்டது, குழி முடிந்தது.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. தான்ஸாமி எழுந்து சாக்கை எடுத்தாள். தள்ளாடுகிறாளே என்று சல்குங்காவும் கூடப் போனார். மைக் போன பிறகு அவருக்குத்தான் வேறு வேலை இல்லையே. கீழ்த்தெரு முடிந்தபோது சாக்கில் பாதிக்கு மேல் சேர்ந்திருந்தது. கடைசியாக சுய் மென்னின் தார்ப்பாய்க் குடிசைக்கு வந்தார்கள். அடுப்பில் பழைய சாம்பல் இருந்தது, மேலே ஈரம் பூத்திருந்தது. முந்தின நாள் யாரும் வரவில்லை என்பதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சுய் மென் எழுந்து பால்மாவு டப்பாவை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அம்மா எடுத்து வெச்சது அத்தை, சாகற வரைக்கும் எடுத்து வெச்சாங்க. மேல என் பிடியும் போட்டிருக்கேன்."

பட்டினி கிடந்த சாவு வீட்டிலிருந்து ஊர் அரிசி வாங்கிக்கொண்டு போகப் போகிறது. சல்குங்காவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. டப்பாவைத் தொடாதே என்று மனைவியிடம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தான்ஸாமி டப்பாவை வாங்கிச் சாக்கில் கொட்டிவிட்டாள். ச்சீ, இவளுமா என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுள்ளி முறிகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். தான்ஸாமி அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து தீ மூட்டிக்கொண்டிருந்தாள். பானையில் தண்ணீர் வைத்தாள். பிறகு சாக்கை மடிக்கு இழுத்து, கடவுளின் அரிசியைக் கை நிறைய அள்ளி அள்ளிப் பானையில் போட்டாள். அதில் பியாக்லியானா வீட்டு அரிசியும் இருந்தது, முதலில் கை தூக்கியவன் வீட்டு அரிசியும் இருந்தது.

சுய் மென் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "அது கடவுளோடது அத்தை."

"ஆமா. அதனாலதான்" என்றாள் தான்ஸாமி. சாக்கின் வாயைக் கட்டி, மீதியை அப்படியே அந்தக் குடிசையின் மூலையில் சாய்த்து வைத்தாள்.

சல்குங்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோயிலில் சாக்கு எங்கே என்று கேட்பார்கள், மூப்பருக்கு என்ன பதில் சொல்லப் போகிறாய் என்று கேட்டார்.

தான்ஸாமி தீயை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். புகையில் கண் கலங்கியிருந்தது.

"கடவுள் கேட்டா நான் சொல்லிக்கறேன். மூப்பர் கேட்டா நீங்க சொல்லுங்க, மாவி அப்பா. ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லுங்க. உங்களுக்கு மைக்கு எதுக்கு?"